போதகரம்மா என்னும் சம்பளமில்லாத உத்தியோகம்

மகனே,

போன செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட உதவியை நான் செய்யவில்லை. செய்யத்தான் போனேன். பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இடையிடையே "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி என்னைச் சீக்கிரம் முடிக்க வைத்துவிடுவாய். போதகர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. உன் அப்பாவுக்கும் இருந்தது. மற்றவர் பேசும்போது அது கேட்பது போலவே இருக்கும். ஆகவே எழுதுகிறேன். கடிதத்துக்கு யாரும் "சரி அம்மா" சொல்ல முடியாது.

"அம்மா, நீங்கள் ஒருக்கா ஷாமினியோட கதையுங்கோ. நீங்கள் சொன்னா அவ கேப்பா. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே" என்றாய். எனக்குத் தெரியும் என்று நீ சொன்னது, ஒரு போதகருக்கு மனைவியாக இருப்பது எப்படி என்பதை. உண்மைதான், முப்பத்தொரு வருட அனுபவம் இருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் உனக்கும் ஷாமினிக்கும் கலியாணம். ஒன்ராறியோவின் வடக்கே, காரில் ஏழு மணி நேரத் தூரத்தில், ஒரு சிறு நகரத்துத் தேவாலயம் உன்னைப் போதகராக அழைத்திருக்கிறது. ஷாமினிக்கோ இங்கே, மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலுள்ள விவசாய வளாகத்தில் உருளைக்கிழங்கின் வேர்நோயை ஆராயும் வேலை. அதிலேயே கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கவும் இடம் கிடைத்திருக்கிறது. அவள் அதை விட்டுவிட்டு உன்னோடு வர வேண்டும். அதை நான் அவளுக்கு இதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். "இதமாக" என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னாய்.

அந்தச் சபையார் உனக்கு எழுதிய கடிதத்தை எனக்கும் அனுப்பியிருந்தாய். அவர்கள் தரும் வீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தாய். கல்லால் கட்டிய வீடு. முன்பக்கத்தில் மட்டும் ஒன்பது ஜன்னல். நீ அதில் ஒரு வீட்டைக் கண்டாய்; நான் அத்தனை திரைச்சீலையையும் தோய்ப்பது யார் என்று பார்த்தேன். கடிதம் மிகவும் மரியாதையானது. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவள் நான். மரியாதையான கடிதங்களைச் சற்று மெதுவாக வாசிப்பேன். மூன்றாவது பந்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: உங்கள் வருங்காலத் துணைவியாரையும் எங்கள் குடும்பத்துக்குள் வரவேற்க ஆவலோடு இருக்கிறோம்; ஞாயிறு பாடசாலையையும் பெண்கள் ஐக்கியத்தையும் வழிநடத்த ஆளில்லாதது எங்களுடைய நெடுநாள் குறை. இரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி. முற்றுப்புள்ளி வைத்திருந்தால் அவை இரண்டு தனிச் செய்திகள். "ஆகவே" என்று எழுதியிருந்தால் அது ஒரு கோரிக்கை. கோரிக்கையை ஒருவர் மறுக்கலாம். அரைப்புள்ளியை யாரும் மறுக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குருமனை முழுவதும் அந்த அரைப்புள்ளிக்குள்தான் குடியிருந்தது.

குருமனை என்றால் சபை தன் போதகருக்குக் கொடுக்கும் வீடு. அந்தக் காலத்து ஆங்கில நடுத்தர வர்க்கத்தில் அங்கே குடியிருந்த போதகரின் நிலை விசித்திரமானது. படிப்பாலும் பேச்சாலும் அவர் கனவான். வருமானத்தால் பல ஊர்களில் மூலைக் கடைக்காரரை விடக் கீழே. பண்ணையாரின் விருந்து மேசையில் அவருக்கு இடமுண்டு, அங்கே போய்ச் சேர வண்டிதான் இல்லை. இந்த இடைவெளியை ஒரு பெண்ணை வைத்து அடைத்தார்கள். அவள் ஞாயிறு பாடசாலை நடத்துவாள், நோயாளிக்குச் சூப் கொண்டுபோவாள், ஏழைப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பாள், ஏழைகள் ஒழுங்காக நன்றி சொல்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வாள். இவற்றில் எதற்கும் வேலை என்று பெயரில்லை. வேலை செய்கிறவள் சீமாட்டி அல்ல. சீமாட்டி அல்லாதவளின் கணவன் கனவான் அல்ல. கனவான் அல்லாதவரின் பிரசங்கத்தைப் பண்ணையார் உட்கார்ந்து கேட்க மாட்டார். ஆக, ஒரு தேசத்தின் ஆத்தும இரட்சிப்பு முழுவதும் அந்தப் பெண் செய்வது வேலையல்ல என்று எல்லோரும் ஒத்துக்கொள்வதில் தங்கியிருந்தது. வேலை என்றால் கூலி கேட்பார்கள். எனவே ஊழியம் என்றார்கள். போதகர் இறந்தால் அடுத்தவருக்கு வீடு தேவை. விதவை பெட்டி கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அவளுடைய நற்குணத்துக்காகக் கல்லறையில் ஒரு வரி கிடைக்கும், கணவரின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில்.

இப்படி ஊசலாடும் வர்க்கத்துக்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும். அந்தக் கோடு தேநீர்ப் பாத்திரத்தின் வழியாகப் போயிற்று. தேநீரை வார்ப்பது சீமாட்டியின் கை. குடித்த கோப்பையைக் கழுவுவது வேலைக்காரியின் கை. வேலைக்காரி வைக்க வசதியில்லாத வீடுகளில் போதகரின் மனைவி பின்கதவைச் சாத்திக்கொண்டு தானே கழுவினாள், கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து வார்த்தாள். விருந்தாளிகளும் நல்லவர்கள், பின்னால் கோப்பை உரசும் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. சிரிக்காதே. அடுத்த பந்தியில் நானும் வருகிறேன்.

நான் படித்ததும் பிறகு படிப்பித்ததுமான மிசன் பெண்கள் பாடசாலையை ஆரம்பித்தவர், அப்படி ஒரு குருமனையில் பிறந்து கலியாணமாகாமல் இருந்த மகள் என்று சொல்வார்கள். தன் ஊரில் நடுத்தர வர்க்கத்தின் கடைசிப் படியில் நின்றவர், கப்பலால் இறங்கியதும் எங்கள் ஊரில் முதற்படிக்கு வந்துவிட்டார். கடற்பயணத்துக்கு அந்தச் சக்தி உண்டு. நாங்களும் பிற்காலத்தில் பயணம் செய்தோம், எங்களுக்கு அது எதிர்ப்பக்கமாக வேலை செய்தது. எங்கள் ஊரிலும் ஏணிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சாதி என்று ஒரு பழைய ஏணி ஏற்கெனவே நின்றது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் நாங்கள் அதைக் கழற்றவில்லை. புதிதாக வந்த ஏணியை அதன்மேல் சாத்திக்கொண்டோம். நான் படித்த காலத்தில் வெள்ளைக்காரர் போய்ப் பல வருடமாகியிருந்தது. அவர்களுடைய தேநீர் வகுப்புப் போகவில்லை. வெயில் கொளுத்தும் பின்நேரங்களில், வியர்வை முதுகில் ஓட, பாத்திரத்தின் மூக்கு விருந்தாளியைப் பார்க்காதபடி எப்படித் திருப்ப வேண்டும், முழங்கையை எவ்வளவு உயர்த்தலாம் என்று பழகினோம். கழுவுவதற்கு வகுப்பில்லை. அதற்குப் பின்வாசலில் ஆள் இருந்தது, அந்த ஆள் எந்தச் சாதி என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் பிற்காலத்தில் இங்குள்ள நூலகத்தில் உட்கார்ந்து வாசித்து, விளங்கி, பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காமல் சிரித்திருக்கிறேன். அதே வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்பதுதான் கேள்வி. வாசிப்பு மனிதரைத் திருத்தும் என்று வகுப்பில் பல தரம் சொல்லியிருக்கிறேன். திருத்தாது. தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் அடையாளம் காட்டும்.

அப்பாவின் சபை கூடியது ஒரு பழைய ஆங்கிலக் கல்லுக் கோயிலில், வாடகைக்கு எடுத்தது. ஆராதனை முடிந்ததும் நிலவறை மண்டபத்தில் தேநீர். உனக்கு அந்த மண்டபம் ஓடித் திரிந்த இடமாக நினைவிருக்கும். குசினிக் கதவில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? மேலே "உபசரிப்பு" என்று ஒரு பட்டியல், கீழே "சமையலறை உதவி" என்று ஒரு பட்டியல். மேலே கணக்காளரின் மனைவி, வங்கியில் வேலை செய்தவரின் மனைவி, ஊரில் டொக்டராக இருந்தவரின் தங்கை. கீழே ஹோட்டல் அறை துப்புரவாக்குகிறவர்கள், தொழிற்சாலையில் தைக்கிறவர்கள், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி தெரிவுசெய்து பெட்டியில் அடுக்குகிறவர்கள். யாரும் என்னை அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், நான் முற்போக்கானவள். கை தானாக எழுதியது. பதினொரு வருடம், மாதா மாதம் புதிய தாள், அதே இரண்டு பட்டியல். மேல் பட்டியலுக்கு நான் "நீங்கள்" போட்டுக் கதைத்தேன், கீழ்ப் பட்டியலுக்கு "நீர்" போட்டேன். "நீ" என்று ஒருவரையும் சொன்னதில்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கீழ்ப் பட்டியலின் முதல் பெயர் தங்கராணி. மட்டக்களப்பிலிருந்து வந்தவர், சந்தையில் வேலை. என்னை விட இரண்டு வயது மூத்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது. விசாரித்திருந்தால் அக்கா என்று கூப்பிட வேண்டி வந்திருக்கும், அதனால்தானோ என்னவோ நான் விசாரிக்கவில்லை. நீ கட்டப்போகிற ஷாமினியின் தாய். நீ அவளைப் பற்றி முதன்முதலில் என்னிடம் சொன்னபோது, "நல்ல பிள்ளை" என்றேன். அடுத்து, "தாய் என்ன செய்யிறா?" என்று கேட்டேன். பதினொரு வருடம் எனக்குக் கோப்பை கழுவிய பெண் என்ன செய்கிறார் என்று கேட்டேன். நீ பதில் சொன்னாய். அதில் ஏதும் வித்தியாசமாக உனக்குப் படவில்லை என்பது இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு உயிர்த்த ஞாயிறு. மண்டபம் நிறைந்த சனம். கணக்காளரின் மனைவிக்குக் காய்ச்சல். மேசையில் நான் மட்டும். வரிசை படிக்கட்டு வரை நீண்டுவிட்டது. தங்கராணி குசினியிலிருந்து வந்தார், கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார், மற்றக் கேத்திலைத் தூக்கி ஊற்றத் தொடங்கினார். இரண்டு கோப்பையோ மூன்று கோப்பையோ ஊற்றியிருப்பார். நான் போய், சிரித்த முகத்தோடு, அவருடைய கையிலிருந்து கேத்திலை வாங்கினேன். "நீர் விடும், சூடு" என்றேன். அவர் கொதிநீரில் வாழ்ந்தவர். சூடு என்று நான் சொன்னதற்கு அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு குசினிக்குப் போனார். அப்பா அதைக் கண்டார். வீட்டுக்கு வரும்போது மெற்றோவில், "நீர் அதைச் செய்திருக்கத் தேவையில்லை" என்றார். அவ்வளவுதான். அவர் நல்ல மனிதர். எதுவும் நடந்து முடிந்த பிறகு அவருடைய மனச்சாட்சி மிகத் துல்லியமாக வேலை செய்யும். அடுத்த ஞாயிறும் அந்தத் தாள் அந்தக் கதவிலேயே இருந்தது. அவரும் அந்தக் கதவால்தான் வந்து தேநீர் வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது உனக்கு நேராகப் பட்ட பிழை. நீ பிறந்து பத்து மாதம். வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு பாடசாலையிலிருந்து என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. உன்னைப் பகலில் விட ஒரு கார்டரியிலும், அதாவது பிள்ளைகள் காப்பகத்திலும், இடம் கிடைத்திருந்தது. அன்று பின்நேரம் சபைச் செயலாளர் ஏதோ கையெழுத்துக்கு வீட்டுக்கு வந்தார். நான் வாய்தவறி விசயத்தைச் சொன்னேன். அவர், "நல்லதுதான் போதகரம்மா. ஆனா சனம் வந்தா ஆர் கதவு திறக்கிறது?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அவர் போன பிறகு நான் மேசையில் உட்கார்ந்து, வர இயலாது என்று அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதி, அன்றே தபாலில் போட்டேன். அப்பாவுக்குக் கடிதத்தைக் காட்டவில்லை. பிறகு இருபத்தைந்து வருடம், "அப்பாவின் ஊழியத்துக்காக நான் வேலையை விட்டேன்" என்று எல்லோருக்கும் சொன்னேன். உன் பிறந்தநாட்களில் சொன்னேன். நீ குருத்துவம் படிக்கப் போன அன்று சொன்னேன். நீ அதைத் தாயின் பெருமையாகக் கேட்டு வளர்ந்தாய். ஒரு நல்ல பெண் கொடுக்கக்கூடிய பரிசு இதுதான் என்று உனக்கு நான்தான் படிப்பித்தேன். இப்போது நீ அந்தப் பரிசை இன்னொரு பெண்ணிடம் எதிர்பார்க்கிறாய்; உன்னில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பா இறப்பதற்கு முதல் வருடம், நான் இப்போதிருக்கும் பியர்பொன்ட்ஸ் வீட்டில், காலைச் சாப்பாட்டு மேசையில் அவரே அந்தக் கதையை எடுத்தார். "அந்த வேலைக் கடிதத்தை நீர் எனக்குக் காட்டவே இல்லையே" என்றார். நான் கேட்டேன்: "காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?" அவர் பாணுக்குப் பட்டர் பூசுவதை நிறுத்திவிட்டு நெடுநேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "போம் எண்டு சொல்லியிருப்பன்" என்றார். "சொல்லிப்போட்டு, நீர் போகக்கூடாதெண்டு செபம் பண்ணியிருப்பன்." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு அவர்மேல் இருபத்தைந்து வருடம் வைத்திருந்த கோபம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் என்னைத் தடுக்கவில்லை. போகச் சொல்லவுமில்லை. அவர் கேட்கவில்லை, அவர் கேட்குமுன் நான் பதில் சொல்லிவிட்டேன். எங்கள் கலியாண வாழ்க்கை அமைதியானது என்று எல்லோரும் சொல்வார்கள். கேள்வி இல்லாத வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் சனிக்கிழமை நான் போனேன். அதையும் ஒளிக்கவில்லை. உன்னை அந்த ஒன்பது ஜன்னலுக்குப் பின்னால் பார்க்க எனக்கும் ஆசை. பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ், ஒரு மெற்றோ; பார்க் எக்ஸ்ரென்சனில் தங்கராணியின் வீடு மூன்றாம் மாடியில். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனத்தைத் திருத்தினேன்.

"வாங்க போதகரம்மா. சொல்லியிருந்தாப் புள்ளைய கீழ அனுப்பியிரிப்பன்" என்றார் தங்கராணி. முழங்கால் நோவால் சந்தை வேலையை விட்டுவிட்டார்.

"சும்மா பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்."

"சும்மா ஆரும் மூணு மாடி ஏறமாட்டாங்க. இரிங்க."

ஷாமினி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ மாமி" என்றாள். தாயின் மட்டக்களப்புத் தமிழும் எங்கள் யாழ்ப்பாணத் தமிழும் கலந்த மொன்றியல் தமிழ் அவளுடையது. நான் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொடங்கினேன். "ஊழியம் எண்டது ரெண்டு பேருக்கும் சேர்ந்து வாற அழைப்பு, பிள்ளை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வசனம் என்னுடையதில்லை என்று தெரிந்தது. என் கலியாணத்துக்கு முதல் வாரம் மூத்த போதகரின் மனைவி எனக்குச் சொன்னது அது, சொல்லுக்குச் சொல். அவவுக்கு யார் சொன்னார்களோ. நூற்றைம்பது வருடமாகக் கைமாறி வந்தும் ஒரு மூலைகூட உடையாத வசனம்.

அதற்கு மேல் போக முடியவில்லை. தங்கராணியின் பக்கம் திரும்பினேன். "அக்கா, அந்தக் குசினிக் கதவில ஒட்டின பட்டியல்..." என்றேன். இதுவரை அவரை அக்கா என்று சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்தார், கவனித்ததைக் காட்டவில்லை.

"அதுவா?" என்று சிரித்தார். "ஒங்களுக்குத் தெரியாது போல. அந்தக் குசினிக்கு நாங்க நான் முந்தி நீ முந்தியெண்டு அடிபட்டு வருவம். கிழமையில ஒரு நாள்தான் எங்கட கதை. ஆம்புளைகள் இல்ல, பிரசங்கம் இல்ல. சிரிச்ச சிரிப்பில எத்தின கோப்பை ஒடைஞ்சிரிக்கும். ஒங்களப் பாத்தாத்தான் எங்களுக்குப் பாவமா இரிக்கும். மேசையில தனிய நிண்டு ஊத்திக்கிட்டே இரிப்பீங்க. ஒங்களுக்கு ஒரு பேரும் வச்சிரிந்தம்."

"என்ன பேர்?"

"வேணாம் போதகரம்மா."

"கேத்தில் ராணி" என்றாள் ஷாமினி, கணினியிலிருந்து தலையை எடுக்காமல். "சொறி மாமி."

நான் இத்தனை வருடமாக என் பாவம் என்று ஒன்றைச் சுமந்துகொண்டு போனால், அங்கே அதை எனக்கே பகிடியாகத் திருப்பித் தந்தார்கள். கொஞ்சம் இலேசானது போலவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்குள்ளும் ஒரு சீமாட்டி இருக்கிறாள். தன் பிழை பெரிய பிழையாக இருக்க வேண்டும் என்று விரும்புவாள். ஆனால் தங்கராணி அதோடு விடவில்லை. சிரிப்பு நின்ற பிறகு, குரலை உயர்த்தாமல், "ஆனா அண்டைக்கு உயிர்த்த ஞாயிறு, என்ட கையில இரிந்த கேத்தில வாங்கினீங்களே. அது மட்டும் மறக்கல்ல" என்றார்.

"தெரியும் அக்கா."

"தெரியுமெண்டாச் சரி."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொன்ன அளவு எனக்குப் போதுமானது, அதற்கு மேல் எனக்கு உரித்தில்லை. பிறகு நான் ஷாமினியிடம் கேட்டேன்: "நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?"

"எதைப் பற்றி மாமி?"

"அந்த ஊருக்குப் போறதைப் பற்றி."

அவள் கணினியை மூடினாள். "என்னட்ட இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை, மாமி. அவை எழுதின லெட்டரை அவர் போனில காட்டினவர். வீட்டுப் படம் காட்டினவர். எந்த ரூமில என்ர புத்தகம் வைக்கலாமெண்டும் சொன்னவர். 'நீ வாறியோ' எண்டு கேக்கேல்லை. பேந்து உங்களை அனுப்பியிருக்கிறார்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

"அதை அவருக்குத்தான் சொல்லுவன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். தங்கராணி மகளைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். என் வயதில் எனக்கு ஒரு பெண் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் சொன்னது சரி என்பதற்கு மேலாக, எனக்கு அது சொல்லத் தோன்றியிருந்தால் என்று நினைத்தேன். செயலாளர் கதவைப் பற்றிக் கேட்ட அன்று, "அதை நான் என்ர மனுசனோட கதைக்க வேணும்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால், உன் அப்பாவுக்கும் தன்னுடைய பதிலைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். அவர் செபம் பண்ணியிருப்பார். செபம் கேட்கப்பட்டிருக்குமோ இல்லையோ, குறைந்தது கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும்.

ஆகவே, மகனே, நான் உன்னுடைய செய்தியைக் கொடுக்கவில்லை, அவளுடைய பதிலையும் கொண்டுவரவில்லை. அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வருவாள் என்றும் நினைக்காதே. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். நீ மூன்று வருடம் வேதாகமத்தை மூலமொழியில் படித்தாய். ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்பதற்குத் தாயைத் தூதனுப்பினாய். அப்பா கேட்காமல் இருந்தார், நீ கேட்காமல் பதிலை எடுக்கப் பார்க்கிறாய். தலைமுறைக்குத் தலைமுறை முன்னேற்றம்தான். இதைக் கடுமையாக எழுதுகிறேன் என்றால், நீ கேட்காமலே அவள் உன்னோடு வந்துவிடக்கூடும் என்ற பயத்தில் எழுதுகிறேன். அப்படி வந்தவர்கள் வீட்டில் கதவு திறப்பார்கள், சிரிப்பார்கள், வார்ப்பார்கள், இருபத்தைந்து வருடம் கழித்து உன் பிள்ளைக்கு ஒரு கதை சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சபைக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்றாய். அவர்களுக்கு என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்காதே. அதற்கு முதல், வியாழக்கிழமை ஷாமினிக்கு நாலு மணிக்கு வேலை முடிகிறது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போ. கார் கொண்டுபோகாதே, காரில் நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பாய், அவள் உன் முகத்தைப் பார்க்க முடியாது. வளாகத்துக்கு வெளியே பஸ் தரிப்பில் அவளோடு நில். வீட்டுப் படத்தைக் காட்டாதே. அழைப்பு, ஊழியம், தேவசித்தம் என்ற சொற்களைக் கொஞ்ச நேரம் சட்டைப்பையில் வை. ஒரே ஒரு கேள்வி கேள், சின்னதாக. கேட்ட பிறகு பேசாமல் இரு. அந்தப் பகுதி உனக்குப் பழக்கமில்லை, ஆனால் செய்யலாம். அவள் உடனே பதில் சொல்லமாட்டாள். யோசிப்பாள். அந்தப் பக்கத்தில் பஸ் அடிக்கடி வருவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்தால், விட்டுவிடு.

அம்மா